கம்பிக்குள் சுருங்கும் சித்திரம்

காஞ்சீபுரத்துக் கடைத்தெருவில் ‘கலப்பு’ என்ற சொல்லைச் சற்று உரக்கச் சொன்னால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பட்டு நூலின்மேல் வெள்ளியிழையைச் சுற்றி, அதன்மேல் பொன் முலாம் பூசியது அசல் ஜரிகை. செம்பின்மேல் பளபளப்பு ஏற்றியதும் ஜரிகை என்ற பெயரில்தான் விற்கிறது. கடை விளக்கின் கீழே இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பழகிய கண்ணும் சில சமயம் தடுமாறும். ஆகையால், ‘பார்வைக்கு வித்தியாசமே தெரியாது’ என்று யாராவது சொன்னால், இவ்வூரார் அந்த இடத்திலேயே சந்தேகப்பட ஆரம்பித்துவிடுகிறார்கள்.

இந்தச் சந்தேகம் இப்போது கம்ப்யூட்டர் மானிட்டர் வரையில் வந்து சேர்ந்திருக்கிறது. பிள்ளையார்பாளையத்தில் தறி வைத்திருக்கும் அன்பர் ஒருவருடைய குமாரன், பகலில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறான். இரவில் அதே கம்ப்யூட்டரில் விளையாடுகிறான். அவனுக்கு 4கே, 240 ஹெர்ட்ஸ் மானிட்டர் ஒன்று வேண்டுமாம். அதன் விலை நல்ல ஜரிகைப் புடவை ஒன்றின் விலையைத் தொடுகிறது. அதுவும் போதாதென்று, ‘இந்த மானிட்டரில் படத்தைச் சுருக்கித்தான் கம்பியில் அனுப்புவார்கள், சுருக்காமல் அனுப்பும் ரகம் வேண்டுமானால் இன்னும் பணம் போடவேண்டும்’ என்று யாரோ சொல்லிவைத்திருக்கிறார்கள்.

“வாத்தியாரய்யா, சுருக்கினால் எதையோ எடுத்துவிட்டார்கள் என்றுதானே அர்த்தம்? கண்ணுக்குத் தெரியாது என்கிறார்கள். தெரியாது என்பதற்காகச் செம்பு ஜரிகையை வாங்குவோமா?” என்று கேட்டார் அன்பர்.

கேள்வி நியாயமானது. பதிலைத்தான் கொஞ்சம் சுற்றி வளைத்துச் சொல்லவேண்டியிருக்கிறது. நெசவாளருக்குத் தெரிந்த இடத்திலிருந்தே புறப்படுவோம்.

புடவைக்கு டிசைன் போடுகிறவர் கட்டம் போட்ட காகிதத்தை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு கட்டமாக நிரப்புகிறார். (இன்று அந்தக் காகிதம் பெரும்பாலும் கம்ப்யூட்டர் திரைக்குள் போய்விட்டது, கட்டங்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.) குறுக்கே எண்ணினால், கட்டம் ஒன்றுக்கு ஜக்கார்டு யந்திரத்தில் ஒரு கொக்கி. நெடுக எண்ணினால், வரி ஒன்றுக்கு ஓர் அட்டை. அட்டையில் துளை இருந்தால் கொக்கி தூக்கும், பாவிழை எழும்பும். துளை இல்லாவிட்டால் இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். மயிலும் அன்னமும் யாளியும் இந்த ‘எழும்பு’, ‘கிட’ என்ற இரண்டு உத்தரவுகளால் உருவாகின்றவைதாம்.

மானிட்டரின் திரையும் கட்டம் போட்ட காகிதமே. கட்டத்துக்கு அங்கே பிக்ஸல் என்று பெயர். நான் புள்ளி என்று சொல்லிக்கொண்டு போகிறேன். 4கே என்றால் குறுக்கே 3,840 புள்ளி, நெடுக 2,160 வரி. ஆக மொத்தம் 82,94,400 புள்ளிகள். நம்மூரில் 240 கொக்கி, 400 கொக்கி என்று பேசுகிறோம். இதுவோ 3,840 கொக்கி யந்திரம். அதோடு, தறியில் ஒரு கட்டத்துக்கு ஒரே ஓர் உத்தரவு போதும். திரையில் ஒவ்வொரு புள்ளிக்குள்ளும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று விளக்குகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எவ்வளவு பிரகாசமாக எரியவேண்டும் என்று நுட்பமாகச் சொல்வதற்கு விளக்குக்குப் பத்தாக முப்பது உத்தரவுகள் வேண்டும். இந்த உத்தரவுக்குத்தான் பிட் என்று பெயர்.

இவ்வளவும் ஒரே ஒரு படத்துக்கு. சாதாரண மானிட்டர் விநாடிக்கு 60 படங்கள் காட்டும். விளையாட்டுக்கென்று செய்த இந்த மானிட்டர் 240 காட்டும். ஹெர்ட்ஸ் என்பது அந்த எண்ணிக்கைதான். ஓடுகிற குதிரையும் திரும்புகிற காரும் மங்காமல் தெரிவதற்கும், விரல் அழுத்தியதன் பலன் உடனே திரையில் தோன்றுவதற்கும் இது உதவுகிறது. எனக்கு இந்த விளையாட்டுகளில் ருசி கிடையாது. ஆனால் ருசியுள்ளவர்களுக்கு இது வெறும் டம்பம் என்று சொல்லமாட்டேன். 60 படம் காட்டும் மானிட்டரையும் 240 காட்டுவதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சுட்டியை ஆட்டிப் பார்த்தால், என் வயதுக் கண்ணுக்கும் வித்தியாசம் தெரிகிறது.

இனிக் கணக்கைப் பார்ப்போம். 82,94,400 புள்ளிகளை 240 ஆல் பெருக்கினால், விநாடிக்கு 199 கோடிக்கு மேல் வருகிறது. அதை 30 ஆல் பெருக்கினால், ஏறக்குறைய 5,972 கோடி பிட். வீட்டில் நாம் வெகு காலமாக வைத்திருக்கும் 1,920 புள்ளி, 1,080 வரி, 60 ஹெர்ட்ஸ் திரைக்கு, புள்ளிக்கு 24 பிட் வீதம், 298 கோடி பிட் போதுமானதாயிருந்தது. இருபது மடங்கு ஏறிவிட்டது!

திரை பெருத்தது, கம்பி அவ்வளவு பெருக்கவில்லை. இன்றும் ஏராளமான மானிட்டர்களில் இருக்கும் டிஸ்ப்ளே போர்ட் 1.4 என்ற இணைப்பு 2016-ஆம் ஆண்டில் வகுக்கப்பட்டது. அதன் வழியாக விநாடிக்கு 2,592 கோடி பிட் போகலாம். 2017-இல் வந்த ஹெச்.டி.எம்.ஐ. 2.1 வழியாகச் சுமார் 4,200 கோடி போகலாம். 5,972 கோடியை இவற்றில் எதற்குள்ளும் திணிக்க முடியாது. கம்பியை வேகப்படுத்துவது எளிதன்று. வேகம் ஏற ஏறச் செம்புக் கம்பியில் சமிக்ஞை தேய்ந்து போகிறது. கம்பியைக் குட்டையாக்கவேண்டும், அல்லது விலையுயர்ந்ததாக்கவேண்டும்.

இந்த நெருக்கடிக்கு முதலில் கண்ட பரிகாரம் அவ்வளவு கௌரவமானதன்று. 2018-இல் 4கே, 144 ஹெர்ட்ஸ் என்று விளம்பரம் செய்து முதல் மானிட்டர்கள் வெளிவந்தன. 144 என்ற எண்ணை எட்டுவதற்கு அவை ஒரு யுக்தி செய்தன. மனிதக் கண்ணுக்கு வெளிச்ச வித்தியாசம் கூர்மையாகத் தெரியும். வர்ண வித்தியாசம் அவ்வளவு தெரியாது. ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் வெளிச்சத்தை அனுப்பிவிட்டு, வர்ணத்தை மட்டும் இரண்டு புள்ளிக்கு ஒன்றாக அனுப்பினார்கள். சினிமாப் படத்தில் இது உறுத்தாது. ஆனால் திரையில் சிறு எழுத்துக்களைப் படிக்கும்போது, சிவப்பு எழுத்தின் விளிம்பிலும் நீல எழுத்தின் விளிம்பிலும் சாயம் கசிந்தாற்போல் இருக்கும். கோர்வைப் புடவையில் கரையின் அரக்குச் சாயம் உடலுக்குள் ஒரு விரற்கடை ஊறியிருந்தால் அதை யார் வாங்குவார்கள்? முழு விலை கொடுத்து வாங்கியவர்கள் முணுமுணுத்தது சரிதான். ‘சுருக்கம்’ என்றதும் பலருக்கு ஏற்படும் கசப்புக்கு இந்தப் பழைய கதையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

நம் அன்பர் கேட்பது அதைப் பற்றியன்று. அது வேறு முறை. டிஸ்ப்ளே ஸ்ட்ரீம் கம்ப்ரெஷன் என்பது அதன் பெயர்; மூன்று எழுத்தில் டி.எஸ்.சி. மானிட்டர்களுக்குப் பொது விதிகளை வகுக்கும் வெஸா என்ற சங்கம் அதை 2014-இல் வெளியிட்டது. அது எல்லாப் புள்ளிகளின் வர்ணத்தையும் அனுப்புகிறது. அனுப்பும் விதத்தில்தான் சாமர்த்தியம் இருக்கிறது.

படத்தில் ஒரு புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இடது பக்கத்துப் புள்ளி ஏற்கெனவே போய்விட்டது. மேல்வரியும் போய்விட்டது. ஆகாயமோ, சுவரோ, ஒரு பெண்ணின் கன்னமோ, எதுவாயிருந்தாலும் பக்கத்துப் புள்ளிகள் ஒன்றுக்கொன்று பெரும்பாலும் உறவினர்கள்தாம். இடப்புறத்தின் அளவு 200, மேற்புறம் 204, இரண்டுக்கும் நடுவில் மூலையிலுள்ளது 201 என்று வைத்துக்கொள்வோம். இடத்தையும் மேலையும் கூட்டி மூலையைக் கழித்தால் 203. இப்போது 200, 204, 203 என்ற மூன்றில் நடுவாக நிற்பது 203. ‘இந்தப் புள்ளி 203 ஆக இருக்கலாம்’ என்று அனுப்பும் யந்திரம் ஊகிக்கிறது. பெறும் யந்திரத்திடமும் அதே பழைய புள்ளிகள் இருப்பதால் அதுவும் அதே 203-ஐ ஊகிக்கிறது. உண்மை 205 என்றால், ‘இரண்டு கூட்டு’ என்று சொன்னால் தீர்ந்தது. 205 என்ற எண்ணைச் சொல்ல எட்டுப் பிட் வேண்டும். ‘கூட்டு இரண்டு’ என்பதற்கு மூன்று பிட் போதும். தறியில் பழகிய மகன் அடுத்த தறியிலிருக்கும் தகப்பனாரிடம் முழு வரியையும் ஒப்பிப்பதில்லை. ‘போன வரி மாதிரிதான், ஓர் இழை தள்ளி’ என்கிறான். ஏறக்குறைய அதே வழக்கம்.

இன்னும் இரண்டு வழிகளும் உண்டு. ஒரே வரியில் கொஞ்சம் முன்னால் வந்த கோலம் மறுபடி வருமானால், புட்டா போட்ட உடலைப் போல, ‘இத்தனை புள்ளிக்கு முன் வந்ததைப் பார்’ என்று சொல்லிவிடலாம். அடுத்தது, சமீபத்தில் வந்த 32 வர்ணங்களின் பட்டியல் ஒன்றை இரண்டு யந்திரங்களும் கையில் வைத்திருக்கின்றன. எழுத்தும் கோடும் நிறைந்த படத்தில் நாலைந்து வர்ணங்களே மாறி மாறி வரும். அப்போது வர்ணத்தைச் சொல்லாமல் அதன் வரிசை எண்ணைச் சொன்னால் போதும். மூன்று மூன்று புள்ளிகளாகச் சேர்த்துக்கொண்டு, இவற்றுள் எது மலிவோ அதை யந்திரம் தேர்ந்தெடுத்துக்கொண்டு போகிறது.

இதுவரையில் சொன்னதில் எதுவும் தொலையவில்லை. வித்தியாசத்தைச் சரியாகக் கூட்டினால் அசல் அப்படியே திரும்பிவிடும். தறியிலும் இவ்விதமான சிக்கனம் உண்டு. 1839-இல் பிரான்ஸ் தேசத்து லியோன் நகரில் ஜக்கார்டு என்பவரின் உருவத்தையே பட்டில் நெய்தார்கள். அந்தப் படத்தில் எதுவும் திரும்ப வராது; ஆகவே 24,000 அட்டைகள் வேண்டியிருந்தன. நம் புடவைக்கு அவ்வளவு அட்டை போட்டால் குடும்பம் தாங்காது! கரையில் ஒரு சிறு கோலத்துக்கு மட்டும் அட்டை அடித்து, கோவையை வளையமாகக் கட்டிவிடுகிறோம். புடவை முழுவதும் அதுவே சுற்றிச் சுற்றி வருகிறது. ஒரு கொக்கியில் பல கயிறுகளைக் கட்டி, அகலம் முழுவதும் ஒரே புட்டாவைப் பல இடங்களில் எழுப்புகிறோம். முந்திக்குத்தான் தனி அட்டை. அட்டை சுருங்குகிறது, புடவையில் ஓர் இழைகூடக் குறைவதில்லை.

டி.எஸ்.சி. ஓரிடத்தில் இந்தத் தறி தர்மத்திலிருந்து விலகுகிறது. அன்பரின் சந்தேகமெல்லாம் நியாயமாக இந்த இடத்தைப் பற்றித்தான் இருக்கவேண்டும்.

கம்பி எப்போதும் ஒரே வேகத்தில் ஓடுகிறது. புள்ளிக்கு 30 பிட் என்பதைப் 10 ஆக்குவதென்று முடிவு செய்துவிட்டால், எந்தப் படமானாலும் அந்தச் சராசரிக்குள் அடங்கியாகவேண்டும். வெறும் ஆகாயம் வந்தால் ஊகம் பலித்துக்கொண்டே போகும், மிச்சம் சேரும். வேப்பிலையும் மணலும் தீப்பொறியும் வந்தால் ஊகம் தவறும், செலவு ஏறும். இந்த வரவு செலவைச் சமாளிக்க நடுவில் ஒரு சிறு தொட்டி இருக்கிறது. தொட்டி நிரம்பி வழியும் நிலை வந்தால், யந்திரம் வித்தியாசங்களை மொத்தமாகச் சொல்ல ஆரம்பிக்கிறது. ‘கூட்டு பதின்மூன்று’ என்பதைக் ‘கூட்டு பன்னிரண்டு’ என்று சொல்லிவிடுகிறது. அந்த ஒன்று தொலைந்தது தொலைந்ததுதான்.

ஆனால் எங்கே தொலைகிறது என்று பாருங்கள். வழுவழுப்பான இடத்தில் ஒரு புள்ளி பிசகினாலும் கண் கண்டுபிடித்துவிடும். வெள்ளைப் பட்டில் ஓர் இழை அழுக்கானால் தெரிவது போல. அங்கே வித்தியாசங்கள் சிறியவை. ஆதலால் குறைக்கவேண்டிய அவசியமே பெரும்பாலும் நேர்வதில்லை. குறைக்கவேண்டிய அவசியம் நேர்வதெல்லாம் இலையும் மணலும் கலந்து கொந்தளிக்கும் இடத்தில். அங்கே 13-க்குப் பதில் 12 வந்தால் கண்ணால் பிரித்தறிய முடியாது. யந்திரம் திருடும் இடமும் கண் காவல் காக்காத இடமும் ஒன்றாயிருக்கும்படி இந்த முறையை அமைத்திருக்கிறார்கள். இன்னொரு காவலும் உண்டு. அடுத்த புள்ளியை ஊகிக்கும்போது, அனுப்பும் யந்திரம் தன்னிடமுள்ள அசலைப் பார்ப்பதில்லை. அடுத்த முனையில் விழுந்திருக்கும் நகலைக் கணக்கிட்டு அதையே பார்க்கிறது. ஆகவே ஒரு பிழை வளர்ந்து வளர்ந்து வரி முழுவதும் பரவுவதில்லை. அடுத்த புள்ளியிலேயே சரிக்கட்டிக்கொள்ள முடிகிறது.

வேகத்துக்காக வரியைச் சில துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே ஒரே சமயத்தில் சுருக்குவதும் உண்டு. கோர்வை நெய்யும்போது இரு கரைக்கும் உடலுக்குமாக மூன்று நாடா ஓடுவதை அன்பர் நினைத்துக்கொள்ளலாம். நம் கோர்வையில் கரையும் உடலும் சேரும் இடம் தெரியவேண்டும், அதுதான் அழகு. அங்கே தெரியக்கூடாது.

‘விளையாட்டில் கணப்பொழுது தாமதமானாலும் தோல்வியாயிற்றே, சுருக்கி விரிக்க நேரமாகாதா?’ என்று குமாரன் கேட்பான். படம் முழுவதும் வரும் வரையில் இந்த முறை காத்திருப்பதில்லை. கையிலுள்ள வரியையும் அதற்கு முந்திய வரியையும் தவிர அதற்கு வேறெதுவும் வேண்டாம். 240 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் அவகாசம் ஒரு விநாடியில் 240-இல் ஒரு பங்கு. அதிலே 2,160 வரி. ஒரு வரிக்கு விநாடியைப் பத்து லட்சமாக வகுத்ததில் இரண்டு பங்குகூட இல்லை. அதுபோன்ற சில வரிகளின் தாமதத்தை எந்த விரலும் அறியாது.

சரி, கண்ணுக்குத் தெரியாது என்பதை யார் சொன்னது? விற்கிறவர்கள் சொன்னால் நான் நம்பமாட்டேன். இதற்குச் சர்வதேச அளவில் 2015-இல் ஒரு சோதனை முறை வகுத்திருக்கிறார்கள். சற்றுக் கடுமையான சோதனைதான். ஒரே படத்தை இரண்டு பக்கமும் வைக்கிறார்கள். ஒரு பக்கம் அசல் அசையாமல் நிற்கும். மறுபக்கம் அசலும் சுருக்கி விரித்த நகலும் விநாடிக்குப் பல முறை மாறி மாறித் தோன்றும். இரண்டுக்கும் இம்மியளவு வித்தியாசமிருந்தாலும் அந்தப் பக்கம் துடிக்கும். ‘எந்தப் பக்கம் துடிக்கிறது?’ என்று பார்ப்பவர் சொல்லவேண்டும். தெரியவில்லை என்று நழுவ இடமில்லை. கண்ணை மூடிக்கொண்டு சொன்னாலும் நூற்றுக்கு ஐம்பது சரியாக வரும். நூற்றுக்கு 75-க்கு மேல் சரியாகச் சொல்லிவிட்டால் சுருக்கம் தோற்றது. வீட்டில் மானிட்டரின் முன் அமர்பவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க அசலே இராது. படமும் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். இந்தச் சோதனையில் தேறிய பிறகு வீட்டில் பிசகு கண்டுபிடிப்பது அபூர்வம். வேண்டுமென்றே தாறுமாறான புள்ளிகளால் படம் செய்து, யந்திரத்தை மடக்க முடியாதென்று நான் சொல்லவில்லை. அப்படிப்பட்ட படத்தைப் பார்த்துக்கொண்டு யாரும் விளையாடுவதில்லை.

இனி ஜரிகைக்கு வருவோம். செம்பு ஜரிகையும் கண்ணை ஏமாற்றுகிறது, டி.எஸ்.சி.யும் கண்ணை ஏமாற்றுகிறது. ஒன்றைக் குற்றம் என்கிறோம், மற்றொன்றை ஏன் ஒப்புக்கொள்ளவேண்டும்? புடவை கண்ணுக்காக மட்டும் ஏற்பட்டதன்று. கல்யாணப் புடவையை முப்பது வருஷம் பெட்டியில் வைக்கிறார்கள், பெண்ணுக்குக் கொடுக்கிறார்கள், கஷ்ட காலத்தில் ஜரிகையின் வெள்ளிக்காக விற்கவும் விற்கிறார்கள். அதன் கனம், ஆயுள், உள்ளிருக்கும் வெள்ளி எல்லாவற்றுக்கும் விலை கொடுத்திருக்கிறோம். 2005-ஆம் ஆண்டு முதல் ‘காஞ்சீபுரம் பட்டு’ என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு என்ற சட்டப் பாதுகாப்பும் இருக்கிறது. அவ்விடத்தில் கண் ஒப்புக்கொண்டால் போதாது. திரையில் ஓடும் படமோ கண்ணுக்காகவே பிறந்து, விநாடியில் 240-இல் ஒரு பங்கு நேரம் இருந்துவிட்டு மறைகிறது. யாரும் அதைப் பெட்டியில் வைப்பதில்லை. கண்ணுக்கு மட்டுமே உரிய பொருளுக்குக் கண்ணே நீதிபதியாயிருப்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. அதோடு, செம்பு ஜரிகைக்காரன் ‘இது செம்பு’ என்று சொல்வதில்லை. மானிட்டரின் விவரக் குறிப்பில் டி.எஸ்.சி. என்று அச்சிட்டிருக்கும், அச்சிடாமல் விற்றால் மட்டும் கோபித்துக்கொள்ளலாம்.

ஆகையால், சுருக்கத்தைத் தவிர்ப்பதற்காக மட்டும் அதிகப் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்று அன்பரிடம் சொன்னேன். சுருக்காத ரகம் என்று சொல்லப்படுவதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. டிஸ்ப்ளே போர்ட் 2.1 என்பது 2022-இல் வந்தது. அதன் உச்ச வேகத்தில் 7,700 கோடி பிட் வரையில் போகும். நம் 5,972 கோடி தாராளமாக அடங்கும். ஆனால் 2.1 என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதனாலேயே உச்ச வேகம் இருக்கிறதென்று அர்த்தமில்லை. அதே பெயரில் பாதி வேகத்தில் ஓடும் ரகங்களும் உண்டு. அவற்றில் 4கே, 240 ஓடவேண்டுமானால் சுருக்கித்தான் ஆகவேண்டும்! மானிட்டர், கேபிள், கம்ப்யூட்டருக்குள் இருக்கும் கிராஃபிக்ஸ் கார்டு மூன்றும் அந்த உச்ச வேகத்தைத் தாங்கினால்தான் சுருக்காமல் போகும். கேபிளின் உறையில் ‘டி.பி.80’ என்ற முத்திரை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். பழைய கிராஃபிக்ஸ் கார்டில் சொருகிவிட்டு, அதிக விலை மானிட்டர் வாங்கியதாகப் பெருமைப்பட்டுக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறார்கள்.

டி.எஸ்.சி.யால் சில்லறைத் தொல்லைகள் இல்லாமலில்லை. சில கார்டுகளில், விளையாட்டிலிருந்து வேறு ஜன்னலுக்குத் தாவும்போது திரை ஓரிரு விநாடி கறுத்துப்போகிறது. இரண்டு மூன்று மானிட்டர்களைச் சேர்த்து வைப்பவர்களுக்கு, மொத்த எண்ணிக்கையில் ஒன்று குறையக்கூடும். படத்தின் தரத்துக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை.

(நம் ஜில்லாவிலேயே, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில், 2007 முதல் ஸாம்ஸங் ஆலையில் டெலிவிஷன்கள் தயாராகின்றன. ஆனால் டெலிவிஷனுக்கும் மானிட்டருக்கும் உயிராகிய திரைப் பலகை இன்னும் பெரும்பாலும் கொரியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் தைவானிலிருந்தும் கப்பலில் வருகிறது. அதை இங்கேயே செய்யும் நாள் எப்போது வருமோ! கடன் வாங்கி மானிட்டர் வாங்குகிறவர்கள், தங்கள் பணத்தில் பெரும்பங்கு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டாவது வாங்கலாம்.)

அன்பர் திருப்தியடைந்தவர் போல் காணப்பட்டாலும், கடைசியில் ஒன்று கேட்டார். “அவன் விளையாடுவது எப்படியாவது போகட்டும். அதே திரையில்தான் முந்திக்கு டிசைன் போடுகிறான். சுருக்குகிற சுருக்கில் ஒரு கட்டம் இடம் மாறினால், தறியில் ஓர் இழை தப்பிவிடுமே?”

இந்தக் கேள்விக்காகவே இத்தனையும் எழுதலாம் என்று தோன்றியது. டி.எஸ்.சி. வேலை செய்வது கம்ப்யூட்டருக்கும் மானிட்டருக்கும் நடுவிலுள்ள கேபிளில் மட்டும். டிசைன் கோப்பு கம்ப்யூட்டருக்குள் பத்திரமாக இருக்கிறது. அதை இந்தச் சுருக்கம் தொடுவதேயில்லை. அட்டை அடிப்பதற்கோ மின்சார ஜக்கார்டுக்கோ போவது அந்தக் கோப்புதான். மானிட்டரை அணைத்துவிட்டாலும் கட்டங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும்.

டிசைனைக் கெடுக்கும் சுருக்கம் வேறொன்று உண்டு. அதை யாரும் சந்தேகிப்பதில்லை. போட்டோக்களைச் சேமிக்கும் ஜேபெக் என்ற முறையைத்தான் சொல்கிறேன். அதன் மூலமான கணிதம் நம்மவர்களுடையது. பெங்களூரில் பிறந்த நஸீர் அஹமத், 1972-இல் அமெரிக்காவில் அந்த ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு விண்ணப்பித்தார். பணம் கிடைக்கவில்லை, யோசனை அளவுக்கு மீறி எளிதாக இருக்கிறதென்று பரிசீலித்தவர்களில் ஒருவர் அபிப்பிராயப்பட்டாராம். அவர் மனந்தளராமல், தம் மாணவர் டி. நடராஜனோடும், சென்னைச் சர்வகலாசாலைப் பட்டதாரியான கே. ஆர். ராவோடும் சேர்ந்து 1974-இல் அதை வெளியிட்டார். இன்று உலகத்தில் போட்டோவும் சினிமாவும் பெரும்பாலும் அந்த வழியில்தான் பிரயாணம் செய்கின்றன. எட்டுப் புள்ளி அகலம், எட்டு வரி உயரமுள்ள சதுரங்களாகப் படத்தை வெட்டி, ஒவ்வொரு சதுரத்திலும் மெல்லிய நெளிவுகளை வைத்துக்கொண்டு, கூர்மையான நெளிவுகளை மழுக்கிவிடுவது அதன் வழக்கம். முகத்துக்கும் மலைக்கும் அது அற்புதமாகப் பொருந்தும். கட்டம் கட்டமாக, அரக்குக்குப் பக்கத்தில் பச்சை என்று கத்தி முனையில் மாறும் புடவை டிசைனுக்கு அது விஷம்.

ஜேபெக்காகச் சேமித்த டிசைனைப் பெரிதாக்கிப் பார்த்தால், அரக்கும் பச்சையும் சேரும் இடத்தில் இரண்டும் அல்லாத நூறு விதமான மங்கல் வர்ணங்கள் சிதறிக் கிடக்கும். அவற்றில் எது எழும்பவேண்டும், எது கிடக்கவேண்டும் என்று ஜக்கார்டுக்கு எப்படித் தெரியும்? யாராவது உட்கார்ந்து ஒவ்வொரு கட்டமாகத் துடைக்கவேண்டும். துடைக்காமல் விட்டால் முந்தியில் இழை தப்பும். வாட்ஸாப்பில் படமாக அனுப்பினாலும் இதே கதி நேருகிறது. டிசைன் கோப்பைப் பி.எம்.பி.யாகவோ பி.என்.ஜி.யாகவோ வைத்துக்கொள்ளும்படியும், வாட்ஸாப்பில் அனுப்பவேண்டியிருந்தால் படமாக அனுப்பாமல் ‘டாக்குமெண்ட்’ என்ற வழியில் அனுப்பும்படியும் குமாரனிடம் சொல்லச் சொன்னேன். அதற்குப் பணம் எதுவும் வேண்டாம்.